ஒற்றைத் தட்டா, இரட்டைத் தட்டா

வேலையை விட்டு இரண்டு வருடமாகிறது. எனக்கு இன்னும் உட்காரத் தெரியவில்லை. காலையில் தேநீரைக் குடித்த கையோடு எழும்பி ஹவுன்ஸ்லோ கடைத்தெரு முடியும்வரை நடக்கிறேன். திரும்பி வருகிறேன். வாசலுக்கு வந்ததும் உள்ளே போக மனமில்லாமல் மறுபடியும் நடக்கிறேன். ரோட்டில் பெரிய எஞ்சின் சத்தம் ஏதாவது கேட்டால் கழுத்து தானாகத் திரும்புகிறது. "உங்கட கைதான் ரிட்டயர் ஆகியிருக்கு. கால் இன்னும் ஷிப்ட்டுக்குப் போகுது" என்கிறாள் மனைவி.

இந்த நிலையில் போன வாரம் நிவேதா போன் எடுத்தாள். வேர்க்ஷொப்பில் நான் இருந்த இடத்தில் இப்போது அவள்தான் இருக்கிறாள். இங்கே பிறந்து, இங்கே படித்து, என்னைவிட வேலை தெரிந்தவள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

"அங்கிள், இப்ப ஒரு ப்ரோகிராம் இருக்கு. எஞ்சின் சைஸ், கியர், காரின்ர வெயிட் எல்லாம் போட்டா எந்த மேனிஃபோல்ட் எண்டு அதுவே சொல்லும். இனியும் நாங்கள் கஸ்டமரோட கார்ல ஏறிப் போகத்தான் வேணுமோ?"

"ஓம், போகத்தான் வேணும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு இருப்புக்கொள்ளவில்லை. ஓம் என்றேனே தவிர, ஏன் என்று சொல்லவில்லை. சொல்லலாம் என்று யோசித்தால் பழைய கஸ்டமர் ஜஸ்ரினின் கார் மனதில் குறுக்கே வந்து நிற்கிறது. அது அவளுடைய கேள்விக்குச் சாதகமா எனக்குச் சாதகமா என்று எனக்கே தெரியவில்லை. அவள் மறுபடியும் போன் எடுத்து, "அப்ப எழுதித் தாங்கோ அங்கிள்" என்றாள். எழுதுகிறேன்.

என் ஆரம்பக் கதை பெரிய கதையில்லை. மன்னாரில் வள்ளத்து எஞ்சின்களோடு கிடந்தேன். லண்டன் வந்து டூட்டிங்கில் ஒரு பெட்ரோல் ஸ்டேஷனில் வருடக்கணக்காக நின்றேன். பிறகு ஹவுன்ஸ்லோவில் பழைய அமெரிக்கக் கார்களின் எஞ்சினைப் பிரித்துப் பூட்டும் ஒரு வேர்க்ஷொப்பில் ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். போன இடத்தில்தான் மிஸ்டர் தேவன் இருந்தார்.

தேவன் மலேசியாவில் ஈப்போக்காரர். இங்கே படிக்க வந்து, விமானக் கம்பெனியொன்றில் நல்ல சம்பளத்தில் இருந்து, அதை உதறிவிட்டு இந்த வேர்க்ஷொப்பைத் தொடங்கியவர். சத்தம் போட மாட்டார். எங்கள் எல்லோரையும் "நீ" என்றுதான் கூப்பிடுவார், அதில் ஒரு சொந்தம் இருக்கும். கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். "நீங்க செஞ்சீங்களா?" என்று அவர் கேட்டால் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிடுவோம். வெள்ளைக்காரப் பெடியன் ஒருவன்கூட அந்த ஒரு தமிழ்ச் சொல்லை மட்டும் கற்று வைத்திருந்தான். "நீங்க" காதில் விழுந்தால் தானாகவே தும்புத்தடியை எடுத்துக் கூட்டத் தொடங்குவான்.

மேனிஃபோல்ட் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இந்தக் கார்களில் இருப்பது எட்டு சிலிண்டர் எஞ்சின். நான்கு இந்தப் பக்கம் சாய்ந்திருக்கும், நான்கு அந்தப் பக்கம். நடுவில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தின்மேல் குந்தியிருக்கும் வார்ப்புத்தான் இன்டேக் மேனிஃபோல்ட். அதன் தலையில் காபரேட்டர் இருக்கும். காபரேட்டர் கலந்து தரும் காற்றையும் பெட்ரோலையும் எட்டுப் பேருக்கும் குறைவில்லாமல் பரிமாறுவதுதான் இதன் வேலை.

பரிமாறுவதில் இரண்டு விதம் உண்டு. இரட்டைத் தட்டில் உள்வழிகள் மேலும் கீழுமாக இரண்டு அடுக்காகப் போகும். வழி நீளம், ஒடுக்கம். எஞ்சின் மெதுவாகச் சுற்றினாலும் காற்று விரைவாக ஓடும், பெட்ரோல் தூவலாகவே போய்ச் சேரும். ஒற்றைத் தட்டில் நடுவில் ஒரே கிடங்கு, அதிலிருந்து எட்டுக் குறுகிய வழிகள். எஞ்சின் உச்சத்தில் கத்தும்போது இதைப்போல் மூச்சு வாங்க வேறொன்றாலும் ஏலாது. ஆனால் மெதுவாக ஊர்ந்தால் காற்று சோர்ந்துவிடும். பெட்ரோல் சுவரில் ஒட்டி வடியும், எஞ்சின் இருமும், சில நேரம் அப்படியே செத்துப்போகும். ரேஸ் ஓடுகிறவனுக்கு ஒற்றை, ரோட்டில் ஓடுகிறவனுக்கு இரட்டை. இவ்வளவுதான் விஷயம்.

இவ்வளவுதான் என்றால் பிறகு ஏன் சண்டை? வருகிற ஒவ்வொருவனும் தன்னை ரேஸ்காரன் என்று நினைத்துக்கொண்டு வருவதால்தான். பாதி லண்டனில் இருபது மைலுக்கு மேல் ஓட விடமாட்டார்கள். ஓட விட்ட இடத்தில் முன்னால் ஒரு பஸ் நிற்கும். அதற்குள் ஒற்றைத் தட்டுத்தான் வேண்டும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பார்கள்.

அதனால்தான் தேவன் ஒரு வழக்கம் வைத்திருந்தார். சாமானுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் மெக்கானிக் போய் அந்தக் காரில் ஏற வேண்டும். சொந்தக்காரர் வழக்கமாக எங்கே போவாரோ அங்கே அவரே ஓட்டிக்கொண்டு போக, நாங்கள் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் இருக்க வேண்டும். சாமான் பூட்டிய பிறகு அதே வழியில் இன்னொரு தடவை. அமெரிக்கக் காரில் ஸ்டியரிங் இடது பக்கம். ஆகவே லண்டன் ரோட்டில் டிரைவர் இருக்க வேண்டிய பக்கத்தில், கையில் ஒன்றுமில்லாமல், நாங்கள் இருப்போம். எதிரே வருகிறவன் எங்களை முறைப்பான். வளைவில் என் கால் இல்லாத பிரேக்கைத் தேடும். அத்தனை வருடத்தில் ஒரு நாளும் அந்த இருக்கையில் நான் நிம்மதியாக இருந்ததில்லை.

திரும்பி வந்ததும் தேவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தபடி விசாரிப்பார். எங்கெங்கே நின்றது? நெரிசலில் சூடு ஏறியதா? ஆக்சிலரேட்டரில் கால் எப்போதாவது முழுசாகக் கீழே போனதா? கடைசியில், "ரேடியோ போட்டானா?" என்பார். ரேடியோ போடுகிறவன் ரேஸ்காரன் இல்லை என்பது அவருடைய சித்தாந்தம். ஒருமுறை பல் வைத்தியர் ஒருவர் ஒற்றைத் தட்டுக் கேட்டு ஒற்றைக்காலில் நின்றார். கூடப் போய்ப் பார்த்தால் மனிதர் மாமியாரை ஏற்றிக்கொண்டு மரக்கறிக் கடைக்குப் போகிறார். இரட்டைத் தட்டைப் பூட்டி அனுப்பினோம். கார் இப்போதுதான் ஆம்பிளை மாதிரி ஓடுகிறது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அந்த வழக்கம் பிழையாய்ப் போய் நான் பார்த்ததில்லை. ஜஸ்ரின் வரும்வரை.

நான் வேலையை விடுவதற்குக் கொஞ்சக் காலம் முந்தி அது நடந்தது. ஜஸ்ரினும் எங்கள் மன்னார்ப் பக்கம்தான், ஆனால் எனக்கு முன்பின் பழக்கமில்லை. விமான நிலையத்தில் சரக்குப் பகுதியில் வேலை. என்னிலும் நாலைந்து வயது இளமை. எழுபதுகளில் வந்த ஒரு அமெரிக்கக் காரில் வந்தார். நல்ல கார், நல்ல எஞ்சின், கம்பெனி பூட்டிய பழைய இரும்பு மேனிஃபோல்ட். ஒரு குறையும் இல்லை. பின் சீற்றிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியைத் தூக்கி என் மேசையில் வைத்தார். திறந்தால் புத்தம்புது ஒற்றைத் தட்டு. அதுவும் சாதாரணமானதல்ல, நல்ல உயரமான, பந்தயத்துக்கென்றே செய்தது.

"இதைப் பூட்டித் தாங்கோ அண்ணை. மாசம் முடிய முதல் வேணும்."

"ரேஸ் ஓடுறனீரோ?"

"இல்லை."

"பிறகு?"

"பூட்டித் தாங்கோவன்."

எனக்குச் சுள்ளென்று வந்தது. காரணம் சொல்ல மாட்டேன், கேள்வி கேட்காதே என்கிற ஆட்களை எனக்குப் பிடிக்காது. வழக்கம் இதுதான், ஏறிப் போக வேண்டும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிய வாருங்கள் என்றார்.

கோயில் வாசலில் ஏறினேன். ஜஸ்ரின் நோர்த் சர்க்குலர் ரோட்டைப் பிடித்து, லண்டனைப் பாதி சுற்றி, இல்ஃபோர்டுக்குக் கொண்டுபோனார். ரேடியோ போடவில்லை. கால் ஒரு தடவைகூட முழுசாகக் கீழே போகவில்லை. இல்ஃபோர்டில் ஒட்டிக்கொண்ட சின்னச் சின்ன வீடுகள் உள்ள ஒரு தெரு. பத்தடிக்கு ஒரு வேகத்தடை. அதில் நடக்கிற வேகத்துக்கு இறக்கி, ஒரு நீலக் கதவு வீட்டைக் கடந்தார். தெரு முடிவில் திருப்பினார். மறுபடியும் அதே வீட்டைக் கடந்தார். பிறகு ஹவுன்ஸ்லோவுக்குத் திரும்பிவிட்டார். எஞ்சின் பூனை மாதிரி ஒரு சத்தமும் இல்லாமல் போய் வந்தது.

திரும்பி வரும்போது நோர்த் சர்க்குலரில் நெரிசல். அசைய முடியாமல் நின்றோம். நான் பொறுமையிழந்து கதவில் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் வாய் திறந்தார்.

"அது மகன்ர வீடு அண்ணை. கெவின். ரெண்டு பேருமாத்தான் இந்தக் காரை வாங்கினனாங்கள். அவன் சூப்பர்மார்க்கெட்டில சனிக்கிழமை வேலை செய்து, முதல் சேர்த்த காசில அந்த மேனிஃபோல்ட்டை வாங்கினவன்."

"பிறகு ஏன் பூட்டேல்லை?"

"பூட்ட முதல் வீட்டை விட்டுப் போயிட்டான்."

கதை இதுதான். பையன் எஞ்சினியரிங் படித்துக்கொண்டிருந்தவன். இரண்டாம் வருடத்தில் படிப்பை விட்டுவிட்டு ரேஸ் எஞ்சின் செய்கிற இடமொன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். இரவு பகலாகப் பெட்டி தூக்கிப் படிக்கவைத்த அப்பாவுக்கு அது இடிவிழுந்த மாதிரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டு நிற்கையில் யாரோ, "மகன் எப்பிடி, படிப்பு முடியுதோ?" என்று கேட்டிருக்கிறார்கள். "எனக்கு மகள் மட்டும்தான்" என்று சொல்லியிருக்கிறார் ஜஸ்ரின். கேக் தட்டோடு பின்னால் நின்ற கெவின் தட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனவன், பிறகு வீட்டுக்கு வரவில்லை. ஐந்து வருடம். இப்போது அவுஸ்திரேலியாவில் வேலை கிடைத்து மாத முடிவில் போகிறான். மகள் சொல்லித்தான் இவருக்குத் தெரியும்.

"போய்க் கதவைத் தட்டி ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே" என்றேன். எரிச்சலோடுதான் சொன்னேன்.

"எத்தினை தரம் போயிட்டன். வாய் வருகுதில்லை அண்ணை. அந்தச் சாமானைப் பூட்டினா சத்தம் வேற மாதிரி வரும். அவனுக்கு விளங்கும். தான் வாங்கினதைத்தான் அப்பா பூட்டியிருக்கிறார் எண்டு விளங்கும். அவன் போன பிறகு நான் அதை ஆருக்குப் பூட்டிக் காட்டுறது?"

எங்கள் ஆட்களின் புத்தியே இதுதான். இரண்டு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒரு எஞ்சினைப் பிரித்துப் பூட்டுவார்கள். சிரிப்பு வந்தது, பிறகு கதவில் தாளம் போடுவதை நிறுத்தினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

திங்கட்கிழமை தேவன் முன் நின்றேன். கண்ணாடியைக் கழற்றினார். நின்ற இடங்களைச் சொன்னேன், கால் கீழே போகவில்லை என்றேன், தெருவைச் சொன்னேன்.

"அப்ப பழசே போதும் லா. இல்லன்னா இரட்டைத் தட்டு. இதுல என்னா யோசனை?"

மகன் கதையைச் சொன்னேன்.

"நான் ரோட்டத்தான் கேட்டேன். குடும்பத்த கேட்கல."

"அந்த ஆளுக்கு அதுதான் ரோடு. வேற எங்கயும் அவர் இந்தக் காரைக் கொண்டு போறேல்லை" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. மற்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"அந்தத் தெருவுலதான் அது நிக்கும். ஸ்பீட் பம்ப்ல ஏறும்போதே செத்துடும். மகன் முன்னாடி அவரு கேவலப்படணுமா?"

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனாலும் நகராமல் நின்றேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் சொன்னார்: "நீங்க பூட்டுங்க."

அந்த "நீங்க" இன்னும் என் காதில் இருக்கிறது.

பூட்டினேன். தண்ணீரை வடித்து, எட்டு சிலிண்டருக்கும் நெருப்புப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் நின்ற திசையை அடையாளம் போட்டு எடுத்து, பழைய இரும்பைக் கழற்றினேன். தனி ஆளாகத் தூக்கக் கஷ்டமான பாரம், ஆனால் ஒருவரையும் கூப்பிட எனக்கு மனமில்லை. துவாரங்களுக்குள் துணியை அடைத்து, மேனிஃபோல்ட் பொருந்தும் முகங்களைச் சுரண்டித் துடைத்தேன். புதிய மேனிஃபோல்ட்டை கேஸ்கெட் இல்லாமல் ஒருமுறை வைத்து, துவாரத்துக்குத் துவாரம் நேரே வருகிறதா என்று லைட் அடித்துப் பார்த்தேன். முன்னும் பின்னும் உள்ள விளிம்புக்குக் கம்பெனி தரும் ரப்பர் பட்டையைத் தேவன் விட மாட்டார், சிலிக்கன் பசையைத் தடித்த கோடாக இழுக்கச் சொல்வார். அப்படியே இழுத்தேன். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, குறுக்கும் மறுக்குமாக, கொஞ்சங் கொஞ்சமாக இறுக்கினேன். அவசரப்பட்டால் ஒரு மூலையில் காற்று இழுக்கும், பிறகு முழுவதையும் கழற்ற வேண்டும். எனக்கோ கை பறந்தது. மாத முடிவு வந்துகொண்டிருந்தது.

காபரேட்டர் பூட்டப் போகும்போது தேவன் பின்னால் வந்தார். நான் எடுத்து வைத்திருந்ததைவிடச் சிறிய காபரேட்டர் ஒன்றை மேசையில் வைத்துவிட்டுப் போனார். சிறிய வாய் என்றால் மெதுவாகப் போகும்போது காற்று கொஞ்சமாவது விரைந்து போகும், எஞ்சின் சாவது குறையும். கோபத்திலும் அந்த மனிதருக்கு அந்தத் தெரு மறக்கவில்லை. அன்று அவர்மேல் எனக்கு வந்த அன்பை நான் அவரிடம் சொன்னதில்லை.

கடைசியாக உயரம், பொனட்டில் இடிக்குமா என்று. காற்று வடிகட்டியின் மூடியில் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை நாலைந்து உருண்டையாக வைத்து, பொனட்டை மெல்ல மூடி, திறந்து பார்த்தேன். களி நசுங்கி விரல் தடிப்புக்கு மிஞ்சியிருந்தது. இடிக்காது. ஸ்டார்ட் பண்ணினேன். வேர்க்ஷொப் கண்ணாடிகள் அதிர்ந்தன. நின்ற இடத்திலேயே எஞ்சின் ஒரு பக்கம் குலுங்கிக் குலுங்கி உறுமியது. ஜஸ்ரின் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டே நின்றார்.

நிவேதா, இனி வருவதை வேலைக்குச் சட்டமாக எடுத்துக்கொள்ளாதே.

மாதத்தின் கடைசி ஞாயிறு. பூசை முடிந்து ஏறினேன். நோர்த் சர்க்குலரில் வழி கிடைத்த ஓரிடத்தில் ஜஸ்ரின் காலை அழுத்தினார். கார் பாய்ந்தது. முதல் தடவையாக அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் இல்ஃபோர்டை நினைத்துக்கொண்டிருந்தேன்.

தெருவுக்குள் திரும்பினோம். முதலாவது வேகத்தடையில் எஞ்சின் இருமியது. இரண்டாவதில் தடுமாறியது. நீலக் கதவுக்கு நேரே, மூன்றாவதில் ஏறும்போது, ஒரு பெரிய வெடிச் சத்தம் போட்டுவிட்டு நின்றுவிட்டது. ஜஸ்ரின் சாவியைத் திருப்பினார். சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடியும் திருப்பினார். பெட்ரோல் நிரம்பிவிட்டது என்று மணத்திலேயே தெரிந்தது. பின்னால் ஒரு வேன்காரன் ஹோர்ன் அடிக்கத் தொடங்கினான். ஜன்னல்களில் ஆட்கள். தேவன் சொன்ன கேவலம் சொன்னபடியே நடந்தது. ஜஸ்ரின் சாவியைத் திருப்புவதை விடவில்லை. நான் இறங்கி ஓடிப்போய்ப் பொனட்டைத் திறந்தேன். வேறென்ன செய்ய?

நீலக் கதவு திறந்தது. சப்பாத்து இல்லாமல், காலுறையோடு ஒரு இளைஞன் வந்தான். ஜாடையே கெவின் என்று சொன்னது. அப்பாவைப் பார்க்கவில்லை. நேரே வந்து எஞ்சினுக்குள் குனிந்தான்.

"அங்கிள், இந்தக் காருக்கு இதையோ பூட்டினனீங்கள்?" என்றான். இங்கே வளர்ந்த பிள்ளையின் தமிழ், ஆனால் தெளிவாகக் கேட்டான். "இது டோட்டலி ரோங். ரோட்டில ஓடாது. ஆர் இதை சூஸ் பண்ணினது?"

நான் வாயைத் திறக்க முதல் காருக்குள் இருந்து குரல் வந்தது.

"நீதான். நீ வாங்கி வச்சது."

கெவின் பொனட்டைப் பிடித்தபடி நின்றான். வேன்காரன் ஹோர்ன் அடித்து அலுத்துப்போய்ப் பின்னால் எடுத்துத் திரும்பினான்.

"எனக்கு அப்ப பத்தொன்பது வயசு, அப்பா. எனக்கு ஒண்டும் தெரியாது."

ஜஸ்ரின் திறந்திருந்த ஜன்னலால் மகனைப் பார்த்தார்.

"எனக்கு அப்ப ஐம்பத்திமூண்டு வயசடா" என்றார். "எனக்குத் தெரிஞ்சிருக்க வேணும்."

கெவின் மேனிஃபோல்ட்டின்மேல் உள்ளங்கையை வைத்தான். சுடும் என்று சொல்ல வாயெடுத்தேன். கையை எடுத்து, பொனட்டை மூடி, அப்பா இருந்த பக்கத்துக் கதவைத் திறந்தான்.

"அங்கால தள்ளி இருங்கோ."

ஜஸ்ரின் நீளச் சீற்றில் என் இடத்துக்கு நகர்ந்தார். காலுறைக் காலால் கெவின் ஆக்சிலரேட்டரை முழுசாக அமத்திப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பினான். எஞ்சின் கரும்புகையைக் கக்கிக்கொண்டு எழும்பியது. அவன் அதைச் சாகவிடாமல் உறுமவைத்து உறுமவைத்து அந்தத் தெரு முழுவதும் கொண்டுபோனான். என்னை இருவருக்கும் நினைவே இல்லை. நான் நடந்துபோய் ரயில் பிடித்தேன்.